கோவை ஏர்போர்ட்டிலிருந்து பிளாக் தண்டருக்கு பஸ்ஸிலேயே போவது எப்படி

லீவு விட்டாலே வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "ஏர்போர்ட்ல இறங்கி நேரா பிளாக் தண்டர் போயிடலாமுங்களா, பஸ் இருக்குதுங்களா?" பஸ் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் நேர் பஸ்ஸைத் தேடி ஏர்போர்ட் வாசலில் நிற்காதீர்கள். விமான நிலையம் ஊருக்குக் கிழக்கே அவினாசி ரோட்டில் இருக்கிறது, பிளாக் தண்டர் தண்ணீர் பார்க்கோ மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டி போகிற ரோட்டில், மலை அடிவாரத்தில், ஓடந்துறைப் பக்கம். நடுவில் முழுக் கோவையும் குறுக்கே கிடக்கிறது. அதனால் பயணத்தைத் துண்டு துண்டாக உடைத்துக்கொள்ள வேண்டும்: ஏர்போர்ட் பக்கத்து ஸ்டாப்பான சித்ராவிலிருந்து காந்திபுரம், காந்திபுரத்திலிருந்து மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து மேட்டுப்பாளையம், கடைசியாக பார்க் வாசல். ஒவ்வொரு துண்டுக்கும் அடிக்கடி பஸ் உண்டு. எந்த இடத்தில் ஏறுவது என்பது தெரிந்துவிட்டால் மீதி தானாக நடக்கும், அது தெரியாமல்தான் பாதிப் பேர் காந்திபுரத்தில் மூட்டையோடு சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் நேரக் கணக்கு, ஏனென்றால் போவதா வேண்டாமா என்பதே இதை வைத்துத்தான். காத்திருப்பையும் சேர்த்து, டெர்மினல் வாசலிலிருந்து பார்க் வாசல் வரை இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே டிக்கெட் முழு நாளுக்கானது, தண்ணீர் விளையாட்டெல்லாம் சாயங்காலத்தோடு முடிந்துவிடும். காலை ஏழு, எட்டு மணிக்குள் இறங்கும் விமானம் என்றால் தாராளமாகப் போகலாம். பத்து மணிக்கு மேல் இறங்குகிறவர்கள் அன்றைக்கே ஓட நினைக்காதீர்கள், முழு டிக்கெட்டுக்குப் பணம் கட்டி அரை நாள் கூட ஆட முடியாது. அவர்கள் அன்று கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ ரூம் போட்டுத் தங்கிவிட்டு மறுநாள் காலையில் போவதுதான் காசுக்கு நியாயம்.

சரி, இறங்கியாயிற்று. டெர்மினலை விட்டு வெளியே வந்ததும் டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள், "மேட்டுப்பாளையமுங்களா, ஊட்டிங்களா" என்று. வேண்டாமுங்க என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நேராக நடந்தால் அவினாசி ரோடு வந்துவிடும், கால் மணி நேர நடை. அந்தச் சந்திப்புக்குப் பெயர் சித்ரா. அங்கேயிருக்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தின் சுருக்கப் பெயர்தான் அது, ஊரெல்லாம் நூல் மில்லாக இருந்த காலத்தில், 1956-இல் வந்த நிறுவனம். கண்டக்டரிடம் "ஏர்போர்ட்" என்று சொன்னாலும் புரியும், "சித்ரா" என்றால் சட்டென்று புரியும். பெரிய பெட்டி இருந்தாலோ பெரியவர்கள் கூட இருந்தாலோ இந்தத் தூரத்துக்கு மட்டும் ஆட்டோ பிடியுங்கள், வெயிலில் பெட்டியை உருட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை.

சித்ராவில் கவனிக்க வேண்டியது, ரோட்டைக் கடக்காமல் ஏர்போர்ட் பக்கமாகவே நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் போய் நின்றால் வருகிற பஸ் எல்லாம் நீலாம்பூர், அவினாசி, திருப்பூர் என்று உங்களை எதிர்த்திசையில் கொண்டுபோய்விடும். இன்னொன்று, தலைக்கு மேலே நீளமாக ஒரு மேம்பாலம் ஓடுவதைப் பார்ப்பீர்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டருக்கு ஜி.டி.நாயுடு பெயரில் 2025 அக்டோபரில் திறந்த பாலம் அது. மேலே ஏறிவிட்ட வண்டி கீழே இருக்கும் ஸ்டாப்பில் நிற்காது என்பது சொல்லாமலே தெரியும், உங்களுக்கு வேண்டியது கீழ் ரோட்டில் வரும் டவுன் பஸ். "காந்திபுரம்" என்று பலகை போட்டு வரும், ஹோப் காலேஜ், பீளமேடு, லட்சுமி மில்ஸ் வழியாகப் போகும், ரோட்டு நெரிசலைப் பொறுத்து அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். உக்கடம், ரயில்வே ஸ்டேஷன் என்று போட்ட பஸ்களும் இதே ஸ்டாப்பில் வரும். அதில் ஏறுவது எப்போது என்பதைக் கீழே சொல்கிறேன்.

டிக்கெட் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். அரசு டவுன் பஸ்ஸில் சாதாரணக் கட்டண வண்டி என்றால் 2021-இலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆனாலும் கண்டக்டரிடம் கேட்டுப் பயணச்சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கோவையில் தனியார் டவுன் பஸ்களும் சரிக்குச் சரி ஓடுகின்றன. அவற்றுக்கு இந்தச் சலுகை பொருந்தாது, பாட்டை அலறவிட்டுக்கொண்டு, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தால் பெரும்பாலும் அது தனியார் வண்டி, ஏறினால் காசு எடுத்து வையுங்கள். வேகமாகப் போய்ச் சேரும் என்பதென்னவோ உண்மை. ஏர்போர்ட்டில் இறங்குகிறவர்கள் பையில் ஐந்நூறு ரூபாய் நோட்டைத் தவிர வேறு இருக்காது. காலை நேரத்தில் முதல் டிரிப்பில் அதை நீட்டினால் கண்டக்டர் முகம் போகும் போக்கைப் பார்க்கணும். உள்ளே ஒரு டீ குடித்தாவது பத்து, இருபதாக மாற்றிக்கொண்டு வெளியே வாருங்கள். சில பஸ்களில் போனில் ஸ்கேன் செய்து கட்டலாம், எல்லா பஸ்ஸிலும் அப்படி இருக்கும் என்று நம்பிக்கொண்டு ஏறாதீர்கள்.

இப்போது காந்திபுரம். வெளியூர்க்காரர்களை இந்த இடம் குழப்புவதற்குக் காரணம் இருக்கிறது, இங்கே ஒரே பஸ் ஸ்டாண்டு இல்லை. டவுன் பஸ்கள் நிற்பது ஒரு நிலையம், எதிரே வெளியூர் பஸ்களுக்கான மத்திய பேருந்து நிலையம், பக்கத்தில் விரைவு பஸ்களுக்குத் திருவள்ளுவர் பேருந்து நிலையம், போதாக்குறைக்கு ஆம்னி பஸ் தனி. மேட்டுப்பாளையம் வெளியூர்தானே என்று மத்திய பேருந்து நிலையத்துக்குள் போய்த் தேடுவார்கள், அங்கே நிற்பவை ஈரோடு, சேலம், திருப்பூர் வண்டிகள். மேட்டுப்பாளையம், ஊட்டி, குன்னூர்ப் பக்கம் போகும் பஸ்களுக்கென்று தனியாக ஒரு நிலையம் மேட்டுப்பாளையம் ரோட்டில், சாயிபாபா கோவில் பக்கத்தில் இருக்கிறது. புது பஸ் ஸ்டாண்டு என்றும் சொல்வார்கள். நீங்கள் இறங்கிய டவுன் பஸ் நிலையத்திலேயே துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் என்று பலகை போட்ட வண்டியைப் பாருங்கள். ஏறும்போதே "ஏனுங்ணா, சாயிபாபா கோவில் புது பஸ் ஸ்டாண்டு போகுமுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இந்த ஊரில் கேட்டால் பதில் சொல்லாமல் போகிறவர்கள் குறைவு, பக்கத்தில் நிற்கிறவர் கூடச் சேர்ந்து வழி சொல்வார், சில சமயம் இரண்டு பேர் இரண்டு வழி சொல்வார்கள், அப்போது கண்டக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

அதே டவுன் பஸ்ஸில் துடியலூர் வரை போய் அங்கே மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடித்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். பிடிக்கலாம், ஆனால் உட்கார இடம் கிடைக்காது. மேட்டுப்பாளையம் வண்டிகள் புது பஸ் ஸ்டாண்டிலேயே நிரம்பிவிடும். சனி, ஞாயிறு காலையில் ஊட்டி போகிற கூட்டமும் சேர்ந்துகொள்ளும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே போனால் பார்க்குக்குள் நுழையும்போதே எல்லோருக்கும் கோபம் வந்துவிடும். அதனால் புறப்படும் இடத்திலேயே ஏறி உட்காருங்கள். பெட்டி வைக்க டிரைவர் பக்கத்து இடம் வேண்டுமானால் சீக்கிரம் ஏறினால்தான் உண்டு.

இந்த நிலையத்தில் இரண்டு வகை வண்டி நிற்கும். மேட்டுப்பாளையம் வரை மட்டும் போவது ஒன்று, ஊட்டி, குன்னூர் போவது இன்னொன்று. ஊட்டி பஸ் பிளாக் தண்டர் வாசலைத் தாண்டித்தான் மலையேறும், அதனால் அதில் ஏறினால் மாறாமலே இறங்கலாமே என்று தோன்றும். நிற்குமா என்பது வண்டியைப் பொறுத்தது, கண்டக்டரைப் பொறுத்தது. கூட்டம் அதிகமான காலையில் நடுவழியில் இறங்குகிற ஆளுக்கு ஊட்டி வண்டியில் இடம் கொடுக்க யாருக்கும் மனசு வராது, கொடுத்தாலும் ஊட்டிக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள் ஏறிய பிறகுதான். "பிளாக் தண்டர்ல நிக்குமுங்களா?" என்று ஏறும் முன்பே கேளுங்கள். "நிக்குமுங்க, ஏறிக்கங்க" என்றால் அதிர்ஷ்டம். "இது நிக்காதுங்க, மேட்டுப்பாளையம் போயி மாறிக்கங்க" என்றால் வாக்குவாதம் செய்யாமல் பக்கத்து வண்டிக்குப் போய்விடுங்கள், மேட்டுப்பாளையம் பஸ் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும்.

மேட்டுப்பாளையம் வரை முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவுக்கு வரும், ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம். கவுண்டம்பாளையம், துடியலூர், நரசிம்மநாயக்கன்பாளையம், பெரியநாயக்கன்பாளையம் என்று ஊர் முடிகிற மாதிரியே இருக்கும், முடியாது. வீரபாண்டி பிரிவு, பிரஸ் காலனி தாண்டிக் காரமடை வந்த பிறகுதான் கட்டடங்களுக்கு நடுவே தோட்டங்கள் தெரிய ஆரம்பிக்கும், கறிவேப்பிலைத் தோட்டமெல்லாம் இந்தப் பக்கத்தில்தான். காரமடை அரங்கநாதர் கோவிலில் மாசி மாதத் தேர் என்றால் மட்டும் இந்த வழியில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு ஜனங்கள்தான் ரோடு.

ரயிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த வழி முழுமையாகாது. கோவை ஜங்ஷனிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஒரு நாளைக்குச் சில மெமு ரயில்கள், அதாவது மின்சார பாசஞ்சர் ரயில்கள், ஓடுகின்றன. வடகோவை, துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை வழியாக ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும், கட்டணம் பஸ்ஸைவிடக் குறைவு, சிக்னலும் நெரிசலும் கிடையாது. 1873-இலேயே போட்ட பாதை, நீலகிரி மலை ரயிலுக்கு ஆள் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்றைக்கும் இதுதான். உங்கள் விமான நேரத்துக்கு ஏதாவது ஒரு வண்டி பொருந்தி வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு ரயிலைத்தான் சொல்வேன். அப்போதுதான் சித்ராவில் காந்திபுரம் பஸ்ஸை விட்டுவிட்டு ரயில்வே ஸ்டேஷன் போகும் பஸ்ஸில் ஏற வேண்டும். சிக்கல் என்னவென்றால் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் உட்கார வேண்டியிருக்கும், அதனால் புறப்படும் முந்தின நாளே, அதுவும் எந்தக் கிழமைக்கு எந்த வண்டி என்று, நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரயில் கிளம்ப முக்கால் மணி நேரம்கூட இல்லை என்றால் அதை மறந்துவிட்டு பஸ்ஸுக்கே போங்கள். ஜங்ஷனில் பெட்டிகளைப் பணம் கட்டி வைத்துவிட்டுப் போகும் அறையும் இருக்கிறது, சாயங்காலம் அதே ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

காளப்பட்டி வழியாகக் குறுக்கே போகலாமே என்று உள்ளூர்க்காரர் யாராவது கட்டாயம் சொல்வார். சித்ராவிலிருந்து காளப்பட்டி, சரவணம்பட்டி, அங்கிருந்து துடியலூர், ஊருக்குள் நுழையாமல் மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடித்துவிடலாம். கார் வைத்திருப்பவருக்கு அது அருமையான வழி. பஸ்ஸில் போகிறவருக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் மாறிக் காத்திருக்கும் வேலைதான் மிச்சம், மிச்சப்படுத்திய நேரமெல்லாம் ஸ்டாப்பில் நிற்பதிலேயே போய்விடும். பெட்டி இல்லாமல், அவசரமும் இல்லாமல் இருந்தால் முயன்று பாருங்கள்.

மேட்டுப்பாளையத்தில் ரயில்வே ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் நடந்து போகிற தூரம்தான். எதில் வந்து இறங்கினாலும் கடைசித் துண்டுக்கு பஸ் ஸ்டாண்டுக்கே வாருங்கள். கல்லாறு, ஓடந்துறைப் பக்கம் போகும் டவுன் பஸ், இல்லையென்றால் குன்னூர், ஊட்டி வண்டியில் நிற்கிறது என்று கண்டக்டர் சொன்னால் அது. பவானி ஆற்றுப் பாலம் தாண்டியதும் ரோடு இரண்டாகப் பிரியும், கோத்தகிரி ஒரு பக்கம், குன்னூர் ஒரு பக்கம். உங்களுக்கு வேண்டியது குன்னூர் ரோடு. கோத்தகிரி பஸ்ஸில் தெரியாமல் ஏறிவிட்டால் பாலத்தைத் தாண்டியதும் இறங்கிவிடலாம், மலையேறிய பிறகு முடியாது. நாலு பேர் இருந்தால் இந்தக் கடைசித் தூரத்துக்கு ஆட்டோவே பிடித்துவிடலாம், பங்கு போட்டால் பெரிய தொகை வராது, ஏறும் முன் பேசி முடித்துக்கொள்ளுங்கள். பாக்குத் தோப்புகள் வர ஆரம்பித்தால் பார்க் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த ஓடந்துறை ஊராட்சி சொந்தமாகக் காற்றாலை வாங்கி மின்சாரம் விற்றுப் பேர் வாங்கிய ஊர், 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை. தண்ணீரில் விளையாட வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்!

இ-பாஸ் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். 2024 மே மாதத்திலிருந்து இருக்கும் அந்த ஏற்பாடு நீலகிரிக்குள் நுழையும் சுற்றுலா வாகனங்களுக்கானது. பார்க் மலைக்குக் கீழே, கோவை மாவட்டத்தில் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை.

ஈரோடு, கோபி, சத்தியமங்கலம் பக்கத்துச் சொந்தங்கள் வந்து சேர்ந்துகொள்வதாக இருந்தால் அவர்களைக் கோவைக்கு வரச் சொல்லாதீர்கள். சத்தியிலிருந்து சிறுமுகை வழியாக மேட்டுப்பாளையத்துக்கு நேர் பஸ் உண்டு. திருப்பூர்க்காரர்களுக்கு அவினாசி, அன்னூர் வழி. எல்லோரும் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் சந்தித்துக்கொள்வதுதான் சுலபம், ஒரு டீ குடித்துவிட்டுச் சேர்ந்து கிளம்பலாம். காலைச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துவிடுங்கள், உள்ளே விலை வேறு மாதிரி இருக்கும்.

துணி விஷயம்: தண்ணீர் பார்க்குகளில் பருத்தித் துணியோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள், நைலான் மாதிரித் துணிதான். வீட்டிலிருந்தே கொண்டுபோனால் வாடகைக்கு எடுக்கும் செலவு மிச்சம். அந்தத் துணியை விமானத்துக்குக் கொடுக்கும் பெரிய பெட்டிக்குள் அடியில் திணித்து வைக்காமல் தோள்பையில் வையுங்கள். கூடவே ஈரத்துணிக்கு இரண்டு கெட்டியான பிளாஸ்டிக் பை. லாக்கரில் தோள்பை போகும், விமானப் பெட்டி போகாது, அதனால் பெரிய பெட்டியை ரூமிலோ ஜங்ஷனிலோ விட்டுவிட்டே கிளம்ப வேண்டும்.

திரும்பி வருவதில்தான் நிறையப் பேர் கணக்குத் தப்புகிறார்கள். ஞாயிறு சாயங்காலம் ஊட்டியிலிருந்து இறங்குகிற கார்கள் எல்லாம் மேட்டுப்பாளையம் ஊருக்குள் வந்து முட்டிக்கொண்டு நிற்கும், பவானி பாலத்தைத் தாண்டவே பொறுமை வேண்டும். கோடை சீசனில் ஒருவழிப் பாதை போட்டு, மேலே ஏறுகிறவர்களைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிறவர்களைக் கோத்தகிரி வழியாகவும் விடுவது வழக்கம். அப்போது ஊட்டியிலிருந்து வரும் பஸ் வாசலில் வந்து ஏற்றிக்கொள்ளும் என்று நின்றுகொண்டிருந்தால் ஏமாந்துபோவீர்கள், டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து மேட்டுப்பாளையம் வந்துவிடுங்கள். அங்கிருந்து கோவைக்கு இரவு வரை பஸ் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மண் சரிந்து குன்னூர் ரோட்டை மூடினாலும் பார்க்குக்கும் ஊருக்கும் நடுவே போக்குவரத்து பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் சாயங்கால மழைக்குக் குடை வேண்டும்.

அன்று இரவே விமானம் என்றால் ஒன்பது மணிக்கு முன்னால் கிளம்பும் எதற்கும் டிக்கெட் போடாதீர்கள். நாலு மணிக்கு பார்க்கை விட்டு வெளியே வந்தால் ஏழு மணிக்கு சித்ரா, அதுவும் நெரிசல் இல்லாத நாளில். சிங்கப்பூர், ஷார்ஜா போகிறவர்கள் மூன்று மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும், அவர்களுக்கு நள்ளிரவுக்கு மேல் கிளம்பும் விமானம்தான் சரிப்படும். வரும்போது காந்திபுரத்தில் ஹோப் காலேஜ், சித்ரா வழி பஸ்ஸா என்று கேட்டு ஏறுங்கள், பாலத்தின் மேலே போகிற வண்டியில் ஏறிவிட்டால் சித்ரா உங்கள் காலுக்குக் கீழே போய்விடும்.

நேரமே இல்லை, ஆனாலும் பிள்ளைகளுக்குத் தண்ணீரில் ஆட வேண்டும் என்கிறவர்களுக்குக் கோவை கொண்டாட்டம் இருக்கிறது, சிறுவாணி ரோட்டில், பேரூர் தாண்டிக் காளம்பாளையத்தில். காந்திபுரம் வரை மேலே சொன்னதேதான். அங்கிருந்து ஆலாந்துறை, சிறுவாணி, பூண்டி என்று பேரூர் வழியாகப் போகும் பஸ். ஏர்போர்ட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஒரே ஒரு இடத்தில் மாறினால் போதும். பிளாக் தண்டர் அளவுக்குப் பெரிதில்லை, மலை அடிவாரக் காற்றும் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.